அண்ணாச்சி கடைக்கு லினக்ஸ் வந்தது

போன வாரம் என் வீட்டுக்காரரின் பழைய லேப்டாப், இனிமேல் உனக்குப் புதிய பதிப்பு கிடையாது என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டது. மனுஷர் கடைக்குப் போய்ப் புதுசு பார்க்கச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "செத்த பொறுங்க" என்று சொல்லி, ஒரு பென் டிரைவைச் செருகி லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். சோறு வடிக்கிற நேரம்தான் ஆனது. வைஃபையை அதுவே பிடித்துக்கொண்டது. கேமராவைத் திறந்தால், அடுப்படி வேர்வையோடு என் முகம் நேராக, நிமிர்ந்து தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உன் மூஞ்சியப் பாத்து நீயே சிரிக்கியே, என்னாச்சு?" என்றார் அவர்.

நேராகத் தெரிகிறதே என்றுதான் சிரித்தேன். அதைச் சொல்ல வேண்டுமென்றால் சாமுவேல் அண்ணாச்சியிலிருந்து தொடங்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அதைக் கேட்கப் பொறுமை இல்லை. உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

கல்லூரி முடித்த கையோடு எனக்கு வேலை கிடைத்தது இராஜபாளையத்தில், பஞ்சு மார்க்கெட் பக்கம் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் டவுன் பஸ். இன்றைக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு பிரவுசிங் சென்டர் என்றால் விளங்காது. பிளைவுட் தடுப்பு வைத்த நான்கு மேசை, நான்கு கம்ப்யூட்டர், செருப்பை வெளியே விடச் சொல்லும் ஓர் அட்டை, வருகிறவர் பெயர் எழுத ஒரு நோட்டு. அவ்வளவுதான் கடை. சூடேறிய தூசியும் பக்கத்துப் புரோட்டாக் கடையின் சால்னாவும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். இப்போதும் எங்காவது சால்னா கொதிக்கிற வாசனை வந்தால் எனக்குப் பசிக்காது. பிரிண்டரில் பேப்பர் தீர்ந்துவிட்டதோ என்றுதான் தோன்றும்.

கடையின் முதலாளி சாமுவேல் அண்ணாச்சி மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை விசாரிப்பதோடு சரி. ஒரு திங்கட்கிழமை காலையில் வந்ததும் வராததுமாக என்னைக் கூப்பிட்டார். முந்தின நாள் சர்ச்சில் திருட்டைப் பற்றிப் பிரசங்கம் நடந்திருக்கிறது.

"ஏம்மா, இந்தப் பொட்டிக்குள்ள ஓடுதே, அது நாம வாங்குனதா?"

"இல்ல அண்ணாச்சி. மாட்டிக் குடுத்தவரு ஒரு சிடியில கொண்டாந்து போட்டது."

"அப்ப களவா?"

"ஊரே அப்படித்தான் ஓட்டுது அண்ணாச்சி."

"நரகத்துக்கு ஊரே சேந்து போனா பஸ்ல எடம் கிடைக்காதும்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "விலை குடுத்து வாங்கவும் நம்மால ஆவாது. களவும் இல்லாம, விலையும் இல்லாம ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

கல்லூரிப் புத்தகத்தில் லினக்ஸ் பற்றி ஒரு பத்தி இருந்தது. ஐந்து மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்திருந்தேன். கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும், "இருக்கு அண்ணாச்சி" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டேன். அந்த வயதில் 'தெரியாது' என்ற சொல் வாயில் வருவதே இல்லை.

தேடிப் பார்த்தால் லினக்ஸ் என்பது ஒன்று இல்லை, நூற்றுக்கணக்கில் கிடந்தது. உபுண்டு, ஃபெடோரா, மின்ட் என்று மிட்டாய்க் கடையில் ஜாடி ஜாடியாக அடுக்கி வைத்ததுபோல் பெயர்கள். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த குறுந்தகடுகளை மதுரைக்குப் போய் வந்த தோழி வாங்கி வந்து கொடுத்தாள். ஒன்றில் எழுத்து கடுகளவு. ஒன்று எங்கள் கிழட்டு மெஷினில் பாதி தூரம் வந்து படுத்துவிட்டது. இன்னொன்று, கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுக்கி, அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று என்னையே கேட்டுக்கொண்டு நின்றது.

கேட்டு எழுதினால் வெளிநாட்டிலிருந்து இலவசமாகவே குறுந்தகடு அனுப்பிய காலம் அது. எழுதிப் போட்டுவிட்டு நானே மறந்துபோயிருந்தேன். ஒருநாள் தபால்காரர் எங்கள் வீட்டு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி, "வெளிநாட்டுத் தபால் வந்திருக்கு. பாப்பாவுக்கு மாப்பிள்ளை கீப்பிள்ளை பாத்திருக்காவளா?" என்றார். அம்மா உறையைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தாள்.

புடவைக் கடையில் அத்தனையும் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டு, மனசுக்கு ஒட்டுகிற ஒன்றை எடுத்துக்கொண்டு வருவோமே, அப்படித்தான் தபாலில் வந்ததை எடுத்தேன். பெரிய காரணமெல்லாம் இல்லை. நிறுவாமலே குறுந்தகட்டிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு அது பெரிய ஆறுதல். அதைவிட, மெனு தமிழில் வந்தது. கம்ப்யூட்டர் என்னிடம் தமிழில் பேசியது அன்றைக்குத்தான் முதல் முறை.

நான்கு மெஷினிலும் போட்ட பிறகு எனக்குக் கிறுக்குப் பிடித்தது என்றே சொல்ல வேண்டும். செண்பகத்தோப்பில் மழை விட்ட ஒரு காலையில் யாரோ எடுத்த மலைப் படத்தைத் திரைக்குப் பின்னணியாக வைத்தேன். மெனுப் பட்டையை மேலே தூக்கினேன், கீழே இறக்கினேன். திரை ஜன்னல்களை இழுத்தால் ரப்பர் மாதிரி நெளிகிற ஒரு வித்தை இருந்தது. திரையே ஒரு கனசதுரமாகிச் சுற்றும். அதற்கே மூன்று நாள் செலவழித்தேன். கல்லூரிப் பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே கூட்டமாக வந்தார்கள். அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "என்னம்மா, சாமி வந்த மாதிரி ஆடுது?" என்று பயந்தார். மெஷினுக்கும் மூச்சு வாங்கியது. மனசில்லாமல் அணைத்து வைத்தேன்.

வந்தவர்களில் பழையதில் பழகியவர்களுக்குத்தான் கஷ்டம். "ஸ்டார்ட் எங்க?" என்பதே நாள் முழுக்கக் கேள்வி. அதனால் இடது மூலையில் ஒரு பொத்தானை வைத்து அவர்களைச் சமாதானப்படுத்தினேன். இப்படி எல்லாம் சரியாகி, நான் ஏதோ பெரிய இன்ஜினியர் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் பேச்சி அக்கா வந்தார்.

பேச்சி அக்கா பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தவர். வேலை விட்டுப் போகையில் பார்த்தால் தலைமுடியில் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்கும். அவர் வீட்டுக்காரர் குவைத்தில் இருந்தார். அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு என்பதால், வாராவாரம் வெள்ளி மாலை மூலை மெஷினில் பேச்சி அக்காவுக்கு அரை மணி நேரம். கேமரா இருந்தது அந்த மெஷினில் மட்டும்தான். பிரசவத்துக்காகத் தளவாய்புரம் தாய்வீட்டுக்குப் போனவர், ஏழு மாதம் கழித்து அன்றைக்குத்தான் பிள்ளையோடு வந்தார்.

"ஒரு ஃபோட்டோ அனுப்புனேன் தங்கச்சி. அதுல இவ தூங்கிட்டா. கண்ணு தொறந்த பிள்ளையப் பாக்கணும்னு அவிய ஏங்கிப்போய்க் கிடக்காவ."

இணைப்புக் கிடைத்தது. அக்கா வீட்டுக்காரரின் முகம் எங்கள் திரையில் வந்தது. எங்கள் கேமராவில் விளக்கே எரியவில்லை. லினக்ஸ் போட்ட பிறகு அதை யாரும் கேட்டதும் இல்லை, நான் ஓட்டிப் பார்த்ததும் இல்லை.

"பேச்சி, ஒரே இருட்டா இருக்கு. அங்க கரண்டு இல்லையா?"

அவர் திரைக்குப் பக்கத்தில், இன்னும் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து தேடினார். அக்கா பிள்ளையை அந்தச் செத்த கேமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். நான் மேசைக்கு அடியில் குனிந்து வயரைப் பிடுங்கினேன், மாட்டினேன், பிடுங்கினேன். அரை மணி நேரம் முடிந்தது.

"பரவால்ல தங்கச்சி. அடுத்த வெள்ளி பாத்துக்கிடட்டும்" என்றார் அக்கா. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவர் போன பிறகு அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளே வந்தார். "அந்த ஒரு பொட்டியில மட்டும் பழசையே போட்டுக்கிடும்மா. நான் கர்த்தர்கிட்ட பேசிக்கிடுதேன்" என்றார்.

பழைய சிடி மேசை டிராயரில்தான் இருந்தது. போட்டிருக்கலாம். போடவில்லை. நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள், வீம்புதான். ஆனால் அன்றிரவு, இருட்டுக்குள் தேடிய அந்த மனுஷர் முகம் நினைவுக்கு வந்தபோது, என் வீம்புக்கு யாரோ விலை கொடுக்கிறார்கள் என்று உறுத்தியது. வியாழன் வரைக்கும் கெடு வைத்துக்கொண்டேன்.

லினக்ஸ்காரர்கள் கூடிப் பேசும் ஓர் இணையக் குழுவில் என் ஓட்டை ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டேன். மறுநாள் முன்பின் தெரியாத ஒருவர் தமிழிலேயே பதில் எழுதியிருந்தார். கேமராவின் அடியில் இருக்கும் எண்ணை எழுதுங்கள் என்றார். எழுதினேன். இரண்டு வரி அனுப்பினார். அதைக் கறுப்புத் திரையில் அட்சரம் பிசகாமல் அடித்து முடித்தபோது விளக்கு எரிந்தது. படமும் வந்தது. தலைகீழாக.

என் தலை கீழே, கழுத்து மேலே. வியாழன் சாயங்காலம் வரை என்னென்னவோ அடித்துப் பார்த்தேன். வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டேதான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பேச்சி அக்கா வந்ததும் உண்மையைச் சொன்னேன். "அக்கா, படம் வருது. ஆனா தலைகீழா வருது. நான் வேணா பழசையே போட்டுத் தரட்டுமா? ஒரு மணி நேரம் ஆவும்."

அக்கா கேமராவைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இதத் தலைகீழா மாட்டுனா நான் நேரா வந்துருவேம்லா?"

நான் டிகிரி முடித்தவள் என்பதை இந்த இடத்தில் நீங்கள் மறந்துவிடலாம்.

அக்கா பைக்குள்ளிருந்து ஒரு சுருள் பேண்டேஜ் துணியை எடுத்தார். அண்ணாச்சி பதறிப்போய், "ஏம்மா, அது கம்பெனித் துணியா?" என்றார்.

"வெட்டுத் துணி அண்ணாச்சி. சூப்பர்வைசரே எடுத்துக்கிடச் சொன்னாவ."

அண்ணாச்சிக்கு நிம்மதி. மானிட்டரின் மேல்விளிம்பில் கேமராவைக் கவிழ்த்து, காயத்துக்குக் கட்டுப் போடுவதுபோல் சுற்றிச் சுற்றிக் கட்டினோம். இணைப்புக் கிடைத்தது. பிள்ளை மடியில் உட்கார்ந்து திரையையே பார்த்தாள், கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு.

அந்தப் பக்கம் அவர் திரைக்கு வெகு பக்கத்தில் வந்தார். இந்த முறை சவுண்டு போய்விட்டதோ என்று ஸ்பீக்கர் வயரைத் திருகிப் பார்த்தேன். பிறகு மெதுவாகக் குரல் வந்தது.

"ஏட்டி பேச்சி... எங்க ஆத்தா கண்ணு அப்படியே இருக்குட்டி."

அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து முகங்கள் எட்டிப் பார்த்தன. பிள்ளை கையை நீட்டித் திரையைத் தட்டினாள். அவள் தட்டிய இடத்துக்கு நேராக அந்த மனுஷர் தன் விரலை வைத்தார். அண்ணாச்சி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த ஃபேனின் சுவிட்சை ரொம்ப நேரம் ஆராய்ந்துகொண்டிருந்தார். அன்றைக்கு அரை மணி நேரக் கணக்கை யாரும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அக்காவுக்கென்று தமிழில் பெயர் எழுதி, பெரிதாக ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தேன். பழைய பழக்கம் எதுவும் இல்லாததால், அந்தக் கடையிலேயே லினக்ஸைச் சிரமமில்லாமல் ஓட்டியவர் அவர்தான். அடுத்த பதிப்பு வந்தபோது, அது தானாகவே படத்தை நிமிர்த்திக் கொடுத்தது. கேமரா கவிழ்ந்திருந்ததால் அக்கா மறுபடியும் தலைகீழாகிவிட்டார். "சும்மா இருந்ததை ஏன் தங்கச்சி திருத்துதாவ?" என்று அலுத்துக்கொண்டே கட்டைப் பிரித்தார்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். நரகத்து பஸ்ஸில் அவர் ஏறியிருக்க மாட்டார். தபாலில் குறுந்தகடு அனுப்புவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அனுப்பினாலும் அதைப் போடுவதற்கு இப்போது எந்த லேப்டாப்பிலும் வாயில்லை.

சில மாதங்களுக்கு முன்னால் பேச்சி அக்காவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வீட்டுக்காரர் திரும்பி வந்து லோடு ஆட்டோ ஓட்டுகிறாராம். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள்.

"தெனமும் மூஞ்சியப் பாத்துத்தான் பேசுதா. நான் நைட்டியோட வெங்காயம் உரிச்சுக்கிட்டே பேசுதேன்" என்று சிரித்தார். பிறகு, "அப்பல்லாம் வெள்ளிக்கிழமைன்னா மத்தியானமே லீவு சொல்லிட்டு, தலைக்கு ஊத்தி, பூ வச்சு, நல்ல சீலையா பாத்துக் கட்டிட்டு வருவேன், தெரியுமா தங்கச்சி? கடையில வந்து ஒக்காந்த பொறவும் கண்ணாடி எங்கன்னு உன்கிட்ட கேட்பேன்லா" என்றார்.

கேட்பார். மானிட்டரை அணைத்துவிட்டு, அந்தக் கறுப்புத் திரையில் பார்த்துக்கொள்ளச் சொல்வேன். பொட்டைச் சரிசெய்துகொண்டு, "ம், போடு" என்பார்.