நடுவுக்கு வராத சமன்பாடுகள்

ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி எத்தனையோ வருடமாகியும் தனேஸ்வரிக்கு அது பத்தாங் பெர்ஜுந்தாய்தான். வயது நாற்பத்தாறு. கோலாலம்பூர் அச்சகம் ஒன்றில் கணிதப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தவள், அம்மா படுக்கையில் விழுந்ததும் வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். அம்மா போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகிறது. ரவாங்கில் இருக்கும் தம்பி சசிகுமார் தீபாவளிக்கு வந்து போவான். மற்றபடி வாசலில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக்குலை ஏற்றிய லோரிகள் போகும். அவற்றில் ஒன்றுகூட அவள் வீட்டுக்கு வந்ததில்லை.

பேச்சுத்துணை என்று இருந்தது கணேஸ்வரன் ஒருவர்தான். புஞ்சாக் ஆலாமில் இருக்கும் ஓய்வுபெற்ற விரிவுரையாளர். அவருடைய இயற்கணிதப் புத்தகத்துக்குத்தான் இப்போது பக்கம் அமைத்துக்கொண்டிருந்தாள். நேரில் பார்த்ததில்லை. திருத்தங்களைக் குரல்பதிவாக அனுப்புவார்.

"தனேஸ்வரிம்மா, கடைசிப் பக்கத்துல சமக்குறியெல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அழகா நிக்குது. ஆனா மொத்தமும் இடது ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கே. நடுவுல வரணும்லா."

பதிப்பகம் தந்திருந்த பக்க அமைப்பு எல்லாச் சமன்பாட்டையும் இடப்பக்கம் தள்ளிவிடும். வரிவரியாக நடுவுக்கு இழுத்துப் பார்த்தாள். சமக்குறிகள் மூலைக்கு ஒன்றாகச் சிதறின. மறுநாள் காலையில் வழி பிடிபட்டது. வரிகளைச் சமக்குறியில் கோத்து ஒரே கட்டாக்கிவிட்டு, அந்தக் கட்டைத் தூக்கி நடுவில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

அனுப்பப் போனவளுக்குக் கை வரவில்லை. இதை அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. நாளை யார் குரல் கேட்கும்?

"இன்னும் சரியா வரல சார்," என்று எழுதினாள்.

"அவசரமில்ல, மெதுவா செய்யுங்க," என்றார். அடுத்த நாளும் விசாரித்தார். போகிறபோக்கில் தன் முழங்கால் வலியைப் பற்றி, விடாத மழையைப் பற்றியெல்லாம் சொன்னார். தனேஸ்வரி ஒவ்வொரு பதிவையும் இரண்டு தடவை கேட்டாள்.

பிறகு ஒரு நாள் அவர் குரல் சோர்ந்திருந்தது. "பதிப்பகத்துல கேக்குறாங்கம்மா. உங்களையும் ரொம்பப் பாடுபடுத்திட்டேன். ஓரமாவே இருக்கட்டும், விட்டுடுவோம்."

அவளுக்குச் சுருக்கென்றது. தன் ஆசைக்காக அந்த மனிதரின் புத்தகம் குறையோடு போவதா? உடனே பக்கத்தை அனுப்பினாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதன்பின் ஒன்றும் வரவில்லை. சோறு வடிக்கும்போதுகூடக் கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்துத் தபாலில் புத்தகம் வந்தது. புரட்டினாள், மூடினாள், மறுபடி புரட்டினாள். பிறகு முதன்முறையாக அவரை அழைத்தாள்.

"என்னம்மா, ஏதும் பிழை இருக்கா?"

"இல்ல சார். நல்லா வந்திருக்கு." புத்தகத்தை மூடி வைத்தாள். "சும்மாதான் சார் கூப்பிட்டேன்."

மறுமுனையில் தொலைக்காட்சி இரைந்துகொண்டிருந்தது.

"சும்மாவா?" என்றார் கணேஸ்வரன். "இருங்கம்மா, இந்த டிவிய நிப்பாட்டிட்டு வரேன்."