மீமிசலோடு நின்றுபோன அரையணாக் கடிதம்

பங்குனியில் கடைக்குக் கருவாடு வாங்க அன்னவாசலிலிருந்து மீமிசல் போய் வந்தேன். கூடவே இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் ஊர் பஸ் முதலாளி தன் பஸ்களில் அரையணாவுக்குக் கடிதம் கொண்டுபோகிறார். தபால் கார்டோ முக்காலணா. தபாலோடு போட்டியாக நடத்த முறைப்படி அனுமதி கேட்டு மனு எழுதி, வியாபாரிகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். நேரில் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

காலை ஆறு மணி பஸ். புதுக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் அவருடைய பஸ்களிலேயே மாறினால் ஒரு மணிக்கு மீமிசல். கட்டணம் ஒன்றரை ரூபாய். வழியெல்லாம் அந்தந்த பஸ் கண்டக்டர் கடிதக் கட்டுகளை இறக்கிக்கொண்டே வந்தார். தபாலைவிட ஒரு நாள் முந்துகிறது. குறை சொல்ல முடியாது.

மீமிசலில் கட்டு இறங்கியது ஒரு கமிஷன் கடையில். அங்கே நான் போன வாரம் அரையணாவுக்கு அனுப்பிய கடிதமே கிடந்தது! உப்பங்கழிக்கு அப்பால் மீனவர் குப்பத்தில் எனக்குக் கருவாடு போடும் செபஸ்தியம்மாளுக்கு, விலை சொல்லி, வருகிறேன் என்று எழுதியது.

"அங்கிட்டு நாலு மைல் மணலு. ஒத்தக் கடுதாசிக்கு யாருங்க நடப்பா?" என்றார் கண்டக்டர். கடைக்காரரும் கருவாடு வாங்குகிறவர்தான், சிரித்துக்கொண்டார்.

நடந்தேன். குப்பத்தில் அந்தக் கடைக்காரரின் வண்டியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது.

"வாங்க முதலாளி! தகவலே இல்லை, நீங்க வரமாட்டீகன்னு இவரு கேட்ட வெலைக்குக் கொடுத்துட்டேன். பாதி போயிருச்சு" என்றாள் செபஸ்தியம்மாள். அரையணாக் கடிதம் கடையிலேயே கிடந்ததைச் சொன்னேன். அவளே வண்டியை நிறுத்தினாள். "காலணா மிச்சம் புடிச்சு என்ன கோட்டை கட்டுனீக?"

அன்று குப்பத்துக்குத் தபால் கொண்டுவந்திருந்த தபால்காரர் சொன்னார்: "ஒங்க கார்டுதான் இங்கிட்டு மாசாமாசம் வரும். அதுவும் நின்னா, என்னையும் நிறுத்திருவாங்க."

மீதி மூட்டைகளை என் விலைக்கே எடுத்தேன். ஊர் திரும்பியதும் மனுவில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: அன்னவாசல் கடிதத்தை எடுக்கிறவர், குப்பத்துக் கடிதத்தையும் அதே அரையணாவுக்கு வீட்டில் சேர்க்க வேண்டும்.

"ஒரு கடுதாசிக்கு ஆள் போட்டா நான் தலையில துண்டைப் போட்டுக்கிட்டுப் போக வேண்டியதுதான்" என்றார் பஸ் முதலாளி.

"ரோட்டோரத்து ஊருல லாபம் அள்ளுறீங்கல்ல? அதுலேருந்து போடுங்க."

தலையைச் சொறிந்தார். "குப்பத்துக்கு நடக்குற அந்தத் தபால்காரருக்கே கூலி கொடுத்து, நம்ம கடுதாசியையும் சேர்த்து அனுப்பச் சர்க்கார் ஒத்துக்குமா?"

"அதையும் மனுவுல எழுதுங்க." கையெழுத்துப் போட்டேன்.

குப்பத்துக்குப் போகிறவர்கள் குடை எடுத்துக்கொள்ளுங்கள், மணல் சுடும். பஸ் நிற்கிற ஊருக்கு அரையணா போதும். கழிக்கு அப்பால் எழுதுவதானால், மனுவுக்குப் பதில் வரும்வரை முக்காலணாக் கார்டே போடுங்கள். நல்ல கருவாடு என் கடையில் இருக்கிறது, பாதிதான்.