கிறகோரியண்ணை கண்ட கரண்டிச் சொண்டுக் குருவி

நந்திக்கடல் களப்பில் எங்கள் ஊர்ப் பக்கம் வலைப்பாடு, அதாவது ஒவ்வொரு வீடும் வலை போடுகிற இடம், பிரித்துக் கொடுப்பவர் கிறகோரியண்ணை. மாரித் தண்ணீர் வற்றிச் சேறு தெரியத் தொடங்கியதும், தவக்காலத்தில் ஒரு ஞாயிறு பூசை முடிய, ஆண்கள் எல்லோரும் கம்புகளோடு கரைக்குப் போவார்கள். அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவார். பின்னால் கோயில் குருசு, முன்னால் எதிர்க்கரையில் ஒரு மொட்டைப் பனை. இரண்டையும் ஒரு நேரில் வைத்துப் பார்த்து, "இதிலை ஊன்று" என்பார். அங்கே ஊன்றிய கம்புதான் அடுத்த மாரிவரைக்கும் இரண்டு வீட்டுப் பாடுகளுக்கு எல்லை. அளக்கக் கயிறு இல்லை. அவருடைய கண்ணும், அவருடைய சொல்லும்தான்.

அந்தச் சொல்லுக்குத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஒரு குருவியால் சோதனை வந்தது.

நாங்கள் சண்டையால் இடம்பெயர்ந்து திரிந்துவிட்டுத் திரும்பி வந்திருந்த காலம் அது. கடலுக்குப் போகப் பயம். மண்ணெண்ணெயும் இல்லை. ஊர் முழுக்கக் களப்பையும் அதில் வருகிற இறாலையும் நம்பிக் கிடந்தது. கம்பு ஒரு முழம் தள்ளி ஊன்றப்பட்டால் அது ஒரு வீட்டு உலையில் தெரியும்.

தை மாதம், மூன்று இராசாக்கள் திருநாள் கழிந்து கொஞ்ச நாளில், விடியல்வேளை அண்ணை வீச்சுவலையோடு போயிருந்தார். சேற்றில் சின்ன உள்ளான்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. மாரியோடு வந்து கோடையில் போகிற குருவிகள், யாரும் கவனிப்பதில்லை. அவர் மட்டும் நின்று பார்க்கிற பழக்கமுள்ளவர். அந்தக் கூட்டத்தில் ஒன்றின் சொண்டு நுனியில் தட்டையாக, கரண்டி போல இருந்தது. பிள்ளைக்குக் கஞ்சி ஆற்றுகிற தாய் கரண்டியை அங்கும் இங்கும் ஆட்டுவதுபோல, அது தலையை ஆட்டி ஆட்டிச் சேற்றைத் துழாவியது. அண்ணை வலையை வீச மறந்து நின்றார். கூட்டம் எழும்பிப் போனபிறகுதான் தன் கையில் வலை இருப்பது அவருக்கு நினைவு வந்தது.

கரைக்கு வந்து கண்டதைச் சொன்னார்.

அவருடைய தமக்கையின் மகன் வின்சன், வாய்க்காரன், வலையை உதறிக்கொண்டே கேட்டான். "குருவி கரண்டியோட வந்தால், மாமா, கோப்பை நாங்களோ குடுக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார்.

"சிரியுங்கோ. ஆனா நான் கண்டனான்."

"கண்டனீங்கள் சரி. குருவிச் சொண்டிலை கரண்டி தெரியிற கண்ணுக்கு, மொட்டைப் பனை ரெண்டாத் தெரியாதோ? அந்தக் கண்ணை நம்பியோ இந்தமுறை பாடு பிரிக்கிறது?"

இதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. போன வருடம் தன் பாடு ஒடுங்கிப்போனது என்று வின்சனுக்கு மனத்தாங்கல் இருந்தது. அவனைப் போல இன்னும் இரண்டொருவர் இருந்தார்கள். அவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

வீட்டில் அவருடைய மனைவி மதலேனா அக்கா மீன் சட்டியை இறக்கி வைத்தபடி கேட்டார். "கண்டதைக் கண்டனீங்கள். ஊருக்கு ஏன் சொன்னனீங்கள்?"

"கண்டதைச் சொல்லாமல் வேறை என்னத்தைச் சொல்லுறது?"

அன்றிலிருந்து அவர் அந்தக் குருவியைத் தேடத் தொடங்கினார். இன்னொருவர் கண்ணுக்கும் அது பட்டால் போதும் என்பது அவர் எண்ணம். "கண்ணி வைச்சுப் பிடிச்சுக்கொண்டு வாங்கோவன், கதை முடிஞ்சுது" என்றான் வின்சன். அதற்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. "மாரிக்கு ஒதுங்க வந்த சீவன். என்ர பேருக்காக அதின்ர காலை முறிக்கிறதோ" என்றார்.

ஒருநாள் கூட்டம் சேற்றில் இறங்கியிருப்பதைக் கண்டு, ஓடிவந்து எல்லோரையும் கூப்பிட்டார். வந்தார்கள். ஆனால் இறாலை வலைக்குள் கலைத்துப் பழகிய கால்கள் அல்லவா. யாரும் சொல்லாமலே அரைவட்டமாகப் பிரிந்து, தண்ணீரைச் சளப்புச் சளப்பென்று அடித்துக்கொண்டு முன்னேறினார்கள். குருவிகள் ஒரே எழும்பலில் எதிர்க்கரைக்குப் போய்விட்டன.

"வலை ஒண்டுதான் குறை" என்றான் வின்சன்.

"தூரக்கண்ணாடி ஒண்டு இருந்தால்..." என்று யாரோ தொடங்கினார்கள். "வாயைப் பொத்து" என்று பக்கத்தில் நின்றவர் அடக்கினார். அந்த நாளில் அப்படி ஒரு சாமானைக் கழுத்தில் போட்டுக்கொண்டு களப்புக் கரையில் நின்றவனை யாரும் குருவி பார்க்கிறவன் என்று நினைக்க மாட்டார்கள்.

அண்ணையை நம்பியவர் ஒருவர்தான். உடையார்கட்டிலிருந்து சைக்கிளில் கத்தரிக்காயும் பயிற்றங்காயும் கட்டிக்கொண்டு வந்து, மாற்றாகக் கருவாடு வாங்கிப் போகிற செல்வராசா. அவருடைய தாய் தகப்பன் மலையகத்தில் கொழுந்து எடுத்தவர்கள். அவர் வன்னிக்கு வந்து காடு வெட்டித் தோட்டம் செய்தவர். பேச்சு மட்டும் மலைப் பேச்சாகவே இருந்தது.

"பயித்துக்குக் காவல் இருந்தவன்ணே நான்" என்றார். "ஆள் நடமாடுனா குருவி பறக்கும். ஆளு கட்டையாட்டம் கிடந்தா பக்கத்துல வந்து நம்மளையே பாக்கும். நீங்க எல்லாரும் தொரத்திக்கிட்டுல்ல போறீங்க."

அதன்பிறகு செல்வராசா வருகிற நாட்களில், வியாபாரத்துக்கு முன்னால், கண்டல் பற்றைக்குப் பின்னால் இருவரும் போய் இருப்பார்கள். நுளம்பு மொய்க்கும். அடிக்கக் கூடாது. அண்ணை மடிக்குள் செபமாலையை உருட்டுவார். செல்வராசா வற்றாப்பளை அம்மனை நினைத்துக்கொண்டு இருப்பார். வேறு வேறு வாசலில் நின்று ஒரே வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி எனக்கு அது தோன்றும்.

பாடு பிரிக்கிற ஞாயிறுக்கு முந்திய கிழமை குருவிக்கூட்டம் வந்து இறங்கியது. அண்ணை செல்வராசாவின் முழங்காலில் கை வைத்தார்.

"அந்தச் செத்தல் கம்புக்கு இடப்பக்கம்" என்று காதுக்குள் சொன்னார். "கடைசிக்கு முதல் நிக்குது. கரண்டியை ஆட்டுது, பாரும்."

செல்வராசா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியுதுண்ணே. தலையைச் சேத்துக்குள்ள வச்சிருக்கு."

"பொறும். நிமிரும்."

அது நிமிருவதற்குள் தெற்கே குண்டு போடுகிற கிபிர் விமானம் இரைந்தது. குருவிகள் எழும்பின. இருவரும் சேற்றில் குப்புற விழுந்தார்கள். இரைச்சல் அடங்கி எழுந்தபோது முகம் முழுக்கச் சேறு. களப்பு வெறுமையாகக் கிடந்தது.

"கண்டனீரோ?"

"இல்லண்ணே."

சைக்கிள் நிறுத்திய இடத்துக்கு இருவரும் நடந்து வந்தார்கள். செல்வராசா கூடையைக் கட்டியபடி மெல்லச் சொன்னார். "ஞாயித்துக்கிழம நானும் வர்றேன். நானும் பாத்தேன்னு சொல்லிப்புடுறேன். நீங்க பாத்தது நெசந்தானே? அப்புறம் என்ன?"

"வேண்டாம். உமக்கு அந்த மனசு இருக்கிறதே எனக்குக் காணும்" என்றார் அண்ணை.

ஞாயிறு வந்தது. பூசை முடிந்து கரையில் எல்லோரும் கூடினோம். வின்சன் தோளில் கம்போடு முன்னுக்கு வந்தான். "மாமாவிலை கோபம் இல்லை. இந்தமுறை கயிறு பிடிச்சு அளப்பம். கண்ணை நம்பேலாது" என்றான். சிலர் ஓம் என்று தலையாட்டினார்கள்.

அப்போது கூட்டத்துக்கு வெளியே, சைக்கிளைப் பிடித்தபடி நின்ற செல்வராசா குரல் கொடுத்தார். "நானும் பாத்தேங்க அந்தக் குருவியை. கரண்டியாட்டமேதான் மூக்கு."

வின்சன் தோளிலிருந்த கம்பை இறக்கினான். "ரெண்டு பேர் கண்டிருக்கினம்" என்று ஒருவர் சொன்னார். "அப்ப சரிதானே" என்றார் இன்னொருவர். உள்ளபடியே எல்லோருக்கும் ஆறுதல்தான். கயிறு பிடித்து அண்ணையை அவமானப்படுத்த யாருக்கும் விருப்பமில்லை. அவர் பேசாமல் தண்ணீரில் இறங்கியிருந்தால் காரியம் அதோடு முடிந்திருக்கும். சாரத்தையும் மடித்துக் கட்டியிருந்தார்.

அவர் இறங்கவில்லை.

"செல்வராசா காணேல்லை" என்றார். "என்னிலை உள்ள பட்சத்திலை சொல்லுறார். அவர் பாக்க முதல் குருவி எழும்பிட்டுது. கண்டது நான் மட்டும்தான்."

செல்வராசா தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாங்க" என்றார். "நான் பாக்கல."

அண்ணை மடித்த சாரத்தை அவிழ்த்துக் கீழே விட்டார். "கயிறு பிடிக்கிறதெண்டால் பிடியுங்கோ. எனக்குக் குறை ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு ஒரு பக்கம் ஒதுங்கி நின்றார்.

வின்சன் கொஞ்ச நேரம் கால் பெருவிரலால் மணலைக் கிண்டினான். பிறகு கம்போடு தண்ணீரில் இறங்கி, தொடையளவில் போய் நின்று, திரும்பினான்.

"மாமா, எந்தப் பக்கம் ஊன்ற?"

"கயிறு எண்டாய்?"

"கைக்கு வந்த சாட்சியையே வேண்டாமெண்ட மனுசன் கம்புக்கோ பொய் சொல்லப்போறீங்கள்? வந்து பாருங்கோ, வெய்யில் ஏறுது."

அண்ணை மறுபடி சாரத்தை மடித்துக் கட்டினார். தண்ணீரில் நின்று குருசைப் பார்த்தார், பனையைப் பார்த்தார். "இன்னும் ஒரு முழம் இஞ்சாலை வா" என்றார். அதனால் வின்சனின் பாடுதான் ஒரு முழம் ஒடுங்கும். வின்சன் இஞ்சாலை வந்து கம்பை ஊன்றினான்.

அதற்குப் பிறகும் ஊரில் அவரைக் கரண்டியர் என்று பகிடிக்குச் சொல்வார்கள். அவர் கோபிக்க மாட்டார். அந்தக் குருவியை வேறு யாரும் கண்டதாக நான் அறியவில்லை. அது அங்கே இருந்தது என்பதில் எங்கள் ஊரில் இப்போது யாருக்கும் சந்தேகமும் இல்லை.

பாடு பிரித்த அடுத்த கிழமை கண்டல் பற்றைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்களாம். குருவிகள் இறங்கி, கிட்டக் கிட்ட மேய்ந்து வருகிற நேரம், நுளம்பு கடித்ததென்று வின்சன் படாரெனத் தன் கன்னத்தில் அடித்துவிட்டான். ஒன்று மிச்சமில்லாமல் எல்லாம் பறந்துபோயின.

"கலைச்சுப் பழகின கை, மாமா" என்றான்.

"பரவாயில்லை, இரு" என்றாராம் அண்ணை. "திரும்பி வரும்."