டிராகனுக்கு வந்த விக்கல்

அந்தத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவரை எல்லோரும் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரில் பாதி தொழிலால் வந்தது, மீதி குணத்தால் வந்தது. சாப்பாட்டில் உப்பு ஒரு கல் கூடினாலும் சுவரில் படம் ஒரு நூல் சாய்ந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. எதிர்க்கடைச் சலூன்காரர் புதுப் பெயர்ப்பலகை மாட்டிய அன்று தெருவே பாராட்டியது. இவர் மட்டும் சாலையைக் கடந்து போய், "சலூன்ல அந்த 'லூ' கொஞ்சம் கூன் போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அதிலிருந்து சலூன்காரர் தன் கண்ணாடியை வேறு கடையில் வாங்கிக்கொண்டார்.

இந்தக் குணத்துக்கு ஒரு வடிகால் வேண்டாமா? கிடைத்தது. மதிய வேளைகளில் கடைக்கு ஈ காக்கைகூட வராது. பின்பக்கம் லென்ஸ் தேய்க்கும் சின்ன அறையில், கண்ணாடிக் கூடுகளை அடுக்கி அதன்மேல் செல்போனைச் சாய்த்து வைத்து, 'சாம்பல்மலைக் காவலர்கள்' என்ற அனிமேஷன் தொடருக்கு வாராவாரம் விமர்சனம் பேசி யூடியூபில் போட ஆரம்பித்தார். அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். கால் புண்ணுக்குக் கட்டுப் போடும் வார்டு. "நாள் பூரா நான் நிஜப் புண்ணைப் பாக்கறேன். நீங்க பொம்மைப் படத்துல புண் தேடுங்க" என்பாள். தடுக்கவில்லை. வீட்டில் உப்பைப் பற்றிய பேச்சு குறைந்திருந்தது.

தொடர் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கோட்டைக் கதவு உடைந்தது, ராணி வாளை உருவினாள், எதிரிப் படை உள்ளே பாய்ந்தது, எபிசோட் முடிந்தது. ஒரு வாரம் முழுக்கப் பூதக்கண்ணாடிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த எபிசோடில் என்ன நடந்தது தெரியுமா? கோட்டை இல்லை, படை இல்லை. காவலர்கள் வளர்க்கும் டிராகனுக்கு விக்கல் எடுத்தது. ஒருவன் தண்ணீர் கொடுத்தான், ஒருத்தி முதுகில் தட்டினாள், ஒருவன் பயமுறுத்திப் பார்த்தான். கடைசியில் விக்கல் தானாக நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். முடிந்தது.

அன்று மதியம் அவர் பேசிய பேச்சு இருக்கிறதே! "வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய உடைச்சுட்டாங்க. ராணி உருவின வாள் என்னாச்சு? இன்னும் கையிலதான் வெச்சிருக்காங்களா? கை வலிக்காதா? விக்கலுக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணும் கிடையாது. இது ஒப்புக்குச் சப்பாணி எபிசோட். ஆட்டத்துல இருக்கும், ஆனா அது அவுட் ஆனாலும் கணக்கில்ல, ஜெயிச்சாலும் கணக்கில்ல." 'டிராகனுக்கு விக்கல், நமக்குச் சிக்கல்' என்று தலைப்பு வைத்தார். அதுவரை நூறு பேர் பார்த்தால் பெரிது. இதை ஊர் உலகமெல்லாம் பார்த்தது.

பார்த்தவர்களில் தொடரின் தலைமை எழுத்தாளரும் ஒருவர். அந்த அம்மாளே போன் செய்தார். "சார், நீங்க சொன்னது அத்தனையும் சரி. எங்களுக்கு ஒரு எபிசோட் எழுதித் தர்றீங்களா?"

பூதக்கண்ணாடிக்குத் தலைகால் புரியவில்லை. இருக்கிற ஒரே நல்ல சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, தொடரில் வரும் மன்னர் சாகும் காட்சியை மனசுக்குள்ளேயே எழுதி முடித்துக்கொண்டு போனார். ஸ்டுடியோ என்பது ஒரு மாடி வீட்டின் நீள அறை. வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், அவற்றின் முன்னால் கண் சிவந்த வரைகலைஞர்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தக் கண்களுக்கு என்ன பவர் வரும் என்று அவர் மனம் தன் போக்கில் கணக்குப் போட்டது.

"முதல் காட்சியிலேயே மன்னர் சாகறாரு மேடம்."

"சாகக் கூடாது சார். அடுத்த சீசன்ல அவருக்கு வேலை இருக்கு."

"சரி, காயம் படட்டும்."

"காயம்னா கட்டு. கட்டுன்னா அவர் வர்ற எல்லாப் படத்துலயும் அதை வரையணும்."

"குதிரைப்படை வருது?"

"குதிரைக்கு நாலு கால் சார். அத்தனையும் ஓடணும்."

"மழையாவது?"

தூரத்து நாற்காலியிலிருந்து ஒரு வரைகலைஞர் முதன்முறையாகத் தலையைத் தூக்கி இவரை முறைத்தார்.

அம்மாள் பொறுமையாக விளக்கினார். கோட்டைச் சண்டையை வரைந்து முடிக்க இன்னும் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வாரம் தவறாமல் ஏதாவது ஓட வேண்டும். ஏற்கெனவே வரைந்து வைத்த இடங்கள், ஏற்கெனவே இருக்கும் ஆட்கள், கதை ஓர் அங்குலம்கூட நகரக் கூடாது. "அந்த விக்கல் எபிசோடை எழுதினது நான்தான் சார். மூணு வாரம் மண்டைய உடைச்சுக்கிட்டேன்" என்றார், கோபமே இல்லாமல்.

எந்தச் சப்பாணியை நாலு பேர் நடுவில் வைத்து நையப் புடைத்தாரோ, அதன் தம்பியை இவர் பெற்றுப் போட வேண்டும். முடியாது என்று எழுந்து வந்திருக்கலாம். ஆசை யாரை விட்டது?

கடை மேஜையில் உட்கார்ந்து எழுதினார், கிழித்தார், எழுதினார். லென்ஸ் மாற்ற வந்த வாத்தியாருக்கு இடது கண்ணுடையதை வலது கண்ணில் மாட்டி அனுப்பினார். மலையைக் கெல்லிக் கடைசியில் பிடித்த எலி இதுதான்: காவலர்கள் எல்லோரும் ஒரு குகையில் உட்கார்ந்து வெளியே மூடுபனி விலகக் காத்திருக்கிறார்கள். டிராகன் வெளியே நிற்கிறது. சத்தம் மட்டும் கேட்கும், வரைய வேண்டாம். எல்லோரும் பேசுகிறார்கள். மூடுபனி விலகுகிறது. வரைகலைஞர்கள் கும்பிடாத குறையாக ஏற்றுக்கொண்டார்கள். எபிசோடில் கொஞ்ச நேரம் குறைகிறது, எதையாவது போடுங்கள் என்று அம்மாள் கேட்டபோது, ஒரு வீரன் பூட்ஸைக் கழற்றி உள்ளே இருந்த கல்லை உதறுவதாகப் போட்டுக் கொடுத்தார்.

ஒளிபரப்பான மாலை மனைவி வார்டிலிருந்து வந்து சோபாவில் சாய்ந்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் கொட்டாவி. நடுவில் கண் சொருகிற்று. அவருக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் சொந்தப் பிள்ளை பாடும்போது எழுந்து போக முடியுமா? முடிந்ததும் அவள் சொன்னாள்:

"ஏங்க, அந்தக் கல்லு எடுக்கற இடம் நல்லா இருந்துச்சு."

"எது? அந்த பூட்ஸா?"

"ஆமா. பாவம், எவ்வளவு நேரமா அதோட நடந்தானோ. குதிகால் புண்ணாயிருக்கும். யார்கிட்டயும் சொல்லல பாருங்க."

அவர் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். வெட்கமா சந்தோஷமா என்று அவருக்கே பிடிபடவில்லை. யோசித்தெல்லாம் எழுதவில்லை, இடத்தை அடைக்கப் போட்டது.

மறுநாள் விமர்சனம் பேசியாக வேண்டும். எபிசோட் முடிவில் ஓடிய பெயர் அவருடையதுதான். ஆனால் அவருக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே யாருக்கும் தெரியாது. "இதை எழுதின ஆளை எனக்கு நல்லாத் தெரியும். விளங்காத ஆளு" என்று தொடங்கி, தாட்சண்யம் பார்க்காமல் கிழித்தார். மூடுபனி ஏன் வந்தது, ஏன் போனது, குகையில் ஏன் ஒருவருக்கும் பசிக்கவில்லை என்று கேட்டார். கடைசியில் மட்டும் குரலைத் தணித்து, "ஒரு இடம் நல்லா இருந்துச்சு. கல்லை உதறின இடம்" என்றார்.

கருத்துகள் வந்து குவிந்தன. திட்டியதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பாராட்டியதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. 'உங்களுக்கு என்னாச்சு? மொக்கையிலும் மொக்கை அந்தக் கல் காட்சிதான். ஒருத்தன் பூட்ஸ உதறினா அது கதையா?' என்று ஒருவர் எழுதியிருந்தார். கீழே முந்நூறு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

எந்தக் கருத்துக்கும் பதில் எழுதிப் பழக்கமில்லாத பூதக்கண்ணாடி, கடையில் நின்ற நிலையிலேயே இரண்டு கட்டைவிரலாலும் தட்ட ஆரம்பித்தார். 'தம்பி, நீங்க கால்ல கல்லோட எவ்வளவு தூரம் நடந்திருக்கீங்க? அவன் முகத்தைக் கவனிச்சீங்களா? குதிகால்...' பத்தி வளர்ந்துகொண்டே போனது.

பரிசோதனை நாற்காலியில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்த பாட்டி ஒருவர் இரண்டாம் முறையாகக் கேட்டார்: "தம்பி, எழுத்தைப் படிக்கட்டுமா, இல்ல இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டுமா?"