ஹார்வுட்டுக்கு எதிரே உட்கார்ந்தவர்

ஹார்வுட்டின் ஆட்டங்களுக்குள் குளோரியா நுழைந்ததே ஒரு சண்டையில்தான்.

மல்லேஸ்வரத்து உமேஷ் பழைய செஸ் ஆட்டங்களைப் பற்றி யூடியூபில் பேசுகிறவர். எட்வின் ஹார்வுட் என்ற வெள்ளைக்கார ராணுவ டாக்டர், 1860களில் பெங்களூர் கன்டோன்மென்ட்டில் உட்கார்ந்து ஆடிய ஆட்டம் ஒன்றைக் காட்டி, "இந்த இடத்துக்கு அப்புறம் எதிராளி தப்பிக்க வழியே இல்லை" என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார். வழி இருந்தது. குளோரியா சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு, குதிரையை எங்கே இறக்கினால் தப்பிக்கலாம் என்று வரிசையாக எழுதி, "தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்" என்று முடித்து, வீடியோவுக்குக் கீழே போட்டாள்.

உமேஷ் கோபித்துக்கொள்ளவில்லை. ஹார்வுட்டின் ஆட்டங்களை எல்லாம் திரட்டிப் புத்தகம் போடப் போவதாகவும், ஒவ்வொன்றையும் அலசி விளக்கம் எழுத ஆள் தேடுவதாகவும் பதில் போட்டார். குளோரியா குக் டவுன் வீட்டில் அப்பாவோடு தனியாக இருந்தாள். பகலெல்லாம் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பத்தைந்து வயதில், பாதியில் விட்ட செஸ் தன்னை இப்படித் தேடி வரும் என்று அவள் நினைக்கவில்லை. சரி என்றாள்.

ஹார்வுட் தன் ஆட்டங்களை லண்டன் பத்திரிகை ஒன்றின் செஸ் பத்திக்கு அனுப்பிவந்தவர். தலைப்பில் ஒரு பக்கம் "டாக்டர் ஹார்வுட்", மறுபக்கம் பெயரில்லாமல் "ஒரு நேட்டிவ்", அதாவது உள்ளூர் ஆள். எல்லா ஆட்டத்திலும் அதே நேட்டிவ்தான் என்பது குளோரியாவுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. ஒரே மாதிரித் தொடக்கம், சிப்பாய்களை அவசரமில்லாமல் நகர்த்தும் அதே கை. ஹார்வுட் யானையையும் பிஷப்பையும் வாரி இறைத்துக்கொண்டு பாய்ந்து வருவார். இந்த மனிதர் பதறாமல் ஒவ்வொன்றாக வாங்கி வைத்துக்கொள்வார். கடைசியில், ஜெயிக்க ஒரு அடி இருக்கும்போது, பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யாத ஒரு தப்பு. ராணி போகும். ஆட்டம் முடியும். மறுபடி அடுத்த ஆட்டத்திலும் அதே கதை.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். அந்த இடங்களில் எதை நகர்த்தியிருந்தாலும் நேட்டிவ் ஜெயித்திருப்பார். தோற்பதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதைத் தேடிப் பிடித்து நகர்த்தியிருந்தார்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. துரைக்கு எதிரே உட்கார்ந்து, துரையைவிட நன்றாக ஆடி, துரையின் முகம் சுருங்கக் கூடாதென்று தோற்றுக் கொடுத்திருக்கிறார். அதை வெற்றி என்று ஊருக்கெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறார் அந்த டாக்டர். விளக்கத்தில் இதை ஒளிக்காமல் எழுதினாள். "இவை ஹார்வுட் ஜெயித்த ஆட்டங்கள் அல்ல. அவருக்குக் கொடுக்கப்பட்டவை."

உமேஷ் அவளை மல்லேஸ்வரத்துக்கு வரச் சொன்னார். கன்னடக்காரர் என்றாலும் தமிழ் தடையில்லாமல் வரும். காபியைத் தள்ளி வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"மேடம், அனாலிசிஸ் பிரமாதம். ஆனா இந்தத் தோத்துக் குடுத்த விஷயம் வேணாம். புக்கே ஹார்வுட் பத்தினது. அவர்தான் ஹீரோ."

"ஹீரோ ஜெயிக்கவே இல்லையே. அத எங்க எழுதறது?"

"மிஸ்டேக்குன்னு எழுதுங்க. மனுஷன்னா மிஸ்டேக் பண்ணுவான். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

"இருவது மூவ் கரெக்டா ஆடினவரு ஒவ்வொரு தடவையும் அதே எடத்துல மிஸ்டேக் பண்ணுவாரா?"

"அவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், மேடம்?"

எப்படித் தெரியும் என்று குளோரியா அங்கே சொல்லவில்லை. காபியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் கண்ணால் பார்த்திருக்கிறாள். அப்பா மதலைமுத்து பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஆண்டு விழா செஸ் போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்தார். எதிரே தொழிற்சாலை மேனேஜர். அப்பாவிடம் ஒரு யானை கூடுதலாக இருந்தது. சுற்றி நின்றவர்கள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருக்க, அவர் ராணியைத் தூக்கி மேனேஜருடைய குதிரையின் வாயில் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மாதான் சொன்னாள், "மேனேஜர ஜெயிச்சு நாம என்ன பண்ணப் போறோம். நல்லவேள, விட்டுக் குடுத்துட்டாரு." அப்பா மறுக்கவில்லை. செஸ் சொல்லிக் கொடுத்த மனிதரோடு குளோரியா அதற்குப் பிறகு ஆடவே இல்லை. மாநிலப் போட்டிக்குத் தேர்வானபோதும் போகமாட்டேன் என்றாள். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

மல்லேஸ்வரத்திலிருந்து திரும்பிய அன்று மாலை அப்பா வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னமா, மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஒருத்தரு வேணும்னே தோத்தத மிஸ்டேக்குன்னு எழுதணுமாம். உங்களுக்குப் புரியும் டாடி. நீங்களும் அதத்தான பண்ணீங்க."

மதலைமுத்து செருப்பைக் கீழே வைத்தார். "நான் என்ன பண்ணேன்?"

"மேனேஜருக்கு விட்டுக் குடுத்தீங்களே. அதுலதான எனக்கு செஸ்ஸே வெறுத்துப் போச்சு."

அவர் செருப்பை எடுத்து மறுபடி துடைத்தார். பிறகு, தலையை நிமிர்த்தாமல், "நான் விட்டுக் குடுக்கலமா. குதிரையப் பாக்கல" என்றார்.

"பொய் சொல்லாதீங்க."

"பொய் சொல்லி இப்ப என்ன ஆவப்போவுது? சத்தியமா அந்தக் குதிர என் கண்ணுலயே படல. மம்மி அப்படிச் சொன்னா. தோத்துட்டான்னு சொல்றதவிட விட்டுக் குடுத்தான்னு சொல்றது நல்லாருந்துச்சு. கம்முனு இருந்துட்டேன்."

"முப்பது வருஷத்துக்கு மேலயா? நான் உங்க மூஞ்சியப் பாக்காம திரிஞ்சேனே, அப்பக்கூட சொல்லத் தோணலையா?"

அதுவரை தணிந்திருந்த அவர் குரல் ஏறியது. "நீ கேட்டியா? ஒரு வார்த்த கேட்டியா? அப்பன் கோழையா இருந்தா உனக்குப் பரவால்ல. முட்டாளா இருக்கக் கூடாது. அப்படித்தான?"

குளோரியா உள்ளே போய்ச் செஸ் பலகையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் போட்டாள். "உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். சீக்கிரமே ஒரு பிஷப்பை இழந்தார், பிறகு யானையை. கன்னத்தில் கை வைத்து யோசித்து யோசித்து நகர்த்தினார். யோசித்த இடத்தில்தான் இன்னும் மோசமாக நகர்த்தினார். மறுபடி ஆடச் சொன்னாள். மறுபடி தோற்றார். அவர் விட்டுக் கொடுக்கவில்லை என்பது நெற்றி வேர்வையைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் சுமாரான ஆட்டக்காரர், அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. காய்களை வாரி டப்பாவில் கொட்டினாள்.

அந்த வாரம் முழுக்க நேட்டிவ்வின் ஆட்டங்களை மறுபடி எடுத்தாள். இந்த முறை கம்ப்யூட்டர் இல்லாமல், மரக்காய்களை வைத்து, அவர் ஆடிய பக்கத்தில் உட்கார்ந்து. ஹார்வுட்டின் பாய்ச்சலை அடி அடியாகத் தாங்கிக்கொண்டே வந்தால், அந்த இடம் வரும்போது தலை கனத்துப்போகிறது. ஒரு ஆட்டத்தில் அவளே நன்றாக யோசித்து ஒரு காயை நகர்த்தினாள். தாளைப் பார்த்தால், நேட்டிவ் தோற்றதும் அதே நகர்த்தலில்தான். இன்னும் இரண்டு ஆட்டங்களில் மட்டும், எப்படிப் பார்த்தாலும், அது தெரியாமல் செய்த தப்பு என்று நம்ப முடியவில்லை. கொடுத்தாரா, தோற்றாரா? தெரியாது. உமேஷ் கேட்டது சரியான கேள்வி என்பதை மனசில்லாமல் ஒப்புக்கொண்டாள். தான் எழுதியதைத் தானே அடித்தாள்.

அடித்துக்கொண்டே வந்தவள் ஒரு ஆட்டத்தின் முன்குறிப்பில் நின்றாள். இரண்டு வரிதான். முன்பு கண்ணை ஓடவிட்டுத் தாண்டிப் போயிருந்தாள். மேசைக்கடியில் பெப்பர் ஓயாமல் குரைத்ததால் ஆட்டம் அடிக்கடி தடைபட்டது என்று ஹார்வுட் எழுதியிருந்தார். பெப்பர் அவருடைய நாய்.

குளோரியா உடனே உமேஷுக்குப் போன் செய்தாள். "தோத்துக் குடுத்தாருன்னு எழுதினத எடுத்துட்டேன். அது எனக்குத் தெரியாது. ஆனா நாய்க்குப் பேர் போட்டவன் மனுஷனுக்குப் போடல. அத எழுதணும்."

"ஒரிஜினல்ல இருக்கறத மாத்த முடியாது மேடம். அது ஹிஸ்டரி."

"மாத்த வேணாம். கீழ ஒரு வரி. எதிராளியோட பேர ஹார்வுட் எழுதலன்னு."

"பாக்கறேன் மேடம்."

புத்தகம் வந்தது. அந்த வரி இல்லை. முன்னுரையில் "ஹார்வுட்டின் பலவீனமான எதிராளிகள்" என்று உமேஷ் எழுதியிருந்தார். ஒரே ஒரு மனிதரை எதிராளிகள் ஆக்கி, பலவீனமும் ஆக்கியாயிற்று. நன்றிப் பட்டியலில் குளோரியாவின் பெயர் இருந்தது.

வெளியீட்டு விழா மல்லேஸ்வரத்தில் ஒரு சிறிய அரங்கில். மதலைமுத்துவும் வருவேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கேள்வி நேரம் வந்ததும் குளோரியா எழுந்தாள்.

"ஹார்வுட்டோட நாய் பேரு என்னங்க?"

உமேஷ் சிரித்தார். "பெப்பர். மேடம் நல்லா படிச்சிருக்காங்க." அரங்கமும் சிரித்தது.

"அவருக்கு எதிர்ல உக்காந்து ஆடினவரு பேரு?"

சிரிப்பு நின்றது. உமேஷ் மைக்கை இன்னொரு கைக்கு மாற்றினார். "அதுக்கு ரெக்கார்டு இல்ல மேடம்."

"இல்லன்னு எழுதுங்க. பலவீனமானவருன்னு எழுதாதீங்க. இந்த மனுஷரு ஒவ்வொரு ஆட்டத்துலயும் கடைசி வரைக்கும் ஜெயிச்சுட்டு இருந்தாரு. அத நான் மூவ் மூவா எழுதிக் குடுத்தேன். நீங்க அதப் பாதியில வெட்டிட்டீங்க. அந்த நன்றியில இருந்து என் பேரையும் வெட்டிடுங்க."

யாரோ "அடுத்த கேள்வி" என்றார்கள். குளோரியா உட்காரவில்லை, கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஆட்டோவில் அப்பா, "இன்னும் கொஞ்சம் மெதுவா கேட்டிருக்கலாம்" என்றார். "மெதுவா கேட்டேன் டாடி, போன்ல. பாக்கறேன்னு சொன்னாரு" என்றாள்.

வெட்டப்பட்ட அலசல்களை அவள் சொந்தமாக ஒரு இணையப் பக்கத்தில் போட்டாள். அதிகம் பேர் படிக்கவில்லை. படித்தவர்களில் சிலர் உமேஷுக்கு எழுதியிருக்க வேண்டும். அடுத்த பதிப்பில் "பலவீனமான" என்ற சொல் போயிருந்தது. எதிராளியின் பெயர் பதிவாகவில்லை என்று அடியில் ஒரு வரி வந்திருந்தது. உமேஷே அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, போனும் செய்தார்.

"இப்ப சந்தோஷமா, மேடம்?"

குளோரியா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "எழுத்து ஏன் இவ்ளோ பொடியா இருக்கு?"

"அடிக்குறிப்பு அப்படித்தான் மேடம் இருக்கும்."

"மேல தலைப்புல நேட்டிவ்னு கொட்ட எழுத்துல இருக்கே."

உமேஷ் பெருமூச்சு விட்டது கேட்டது. "இன்னும் என்ன மேடம் வேணும்?"

"எழுத்து பெருசா வேணும்," என்றாள் குளோரியா, "நாய் பேரு அளவுக்காவது."