திரும்பி வந்த தியாகராஜர்

கண்ணாடி உடைந்த சாமி படத்தை வீட்டில் வைக்கக்கூடாது, குப்பையிலும் போடக்கூடாது. அதனால் இன்று காலை, பழைய தியாகராஜர் படத்தை யாரும் பார்க்காமல் கோயில் அரசமரத்தடியில் வைத்துவிட்டு வந்தேன்.

மதியம் காலிங் பெல். பக்கத்து பிளாக்காரர், கையில் தம்பூராவோடு தியாகராஜர்.

"எவனோ உங்க வூட்டுல திருடிக்கினு போய் மரத்தடியில போட்டிருக்கான் சார். மந்தாரக்குப்பத்துல புதுக் கண்ணாடி போட்டுக்கினு வந்துட்டேன்."

"எங்க படம்னு எப்படிங்க..."

"பின்னாடி பாருங்க."

குவார்ட்டர்ஸ் மாறும்போது சாமான் தொலையாமலிருக்க நானே எழுதிய பெயரும் வீட்டு நம்பரும்.

"வேணும்னு வைக்கிறவன் அட்ரஸ் எழுதியா வைப்பான்? கோயில்ல கேமரா இருக்குங்க. சாயங்காலம் ரெண்டு பேரும் போய் அவனைப் பார்த்துடலாம்."

"கட்டாயம் பார்க்கணும்" என்றேன்.

ஐந்தரைக்கு வருகிறார். அதற்குள் காய்ச்சல் வர வழி தெரிந்தவர்கள் உடனே சொல்லவும்.