சாமி இல்லாத தேர்

ஆடி ஞாயிறன்று கூழ் வார்ப்பதற்கு முன், பிள்ளைகள் இழுத்து வரும் தேருக்கும் கற்பூரம் காட்டுவதாகப் பூசாரி ஒப்புக்கொண்டிருந்தார். திருப்போரூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தெருவுக்கு அது பெரிய மரியாதை. போன வருஷம் எங்கள் தேர் பாதி வழியிலேயே குடைசாய்ந்து ஊரே சிரித்திருந்தது. இந்த முறை மானத்தைக் காப்பாற்றியே தீர வேண்டும்.

பேரிங் சக்கரம் மாட்டிய பலகை வண்டியின் மேல் மூங்கில் கட்டி வேலையைத் தொடங்கினோம். தலைவன் அண்ணன். விளக்கு பெரியப்பா மகன் பொறுப்பு. ஸ்கூட்டர் பேட்டரியில் சீரியல் பல்பை எரியவைப்பதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஜிகினாத் தாள் ஒட்டுவது நான். சிவப்பா பச்சையா என்று நாங்கள் போட்ட சண்டைக்குப் பஞ்சாயத்துதான் வைக்கவில்லை. நடுநடுவே என் தங்கை வந்து வந்து கேட்டாள்.

"சாமி எங்கண்ணா குந்தும்?"

"அத்தெல்லாம் அப்பால பாத்துக்கலாம். நீ கம்முனு போ."

அண்ணனோடு சேர்ந்து நானும்தான் அவளை விரட்டினேன். எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஐந்து. அதிகாரம் பண்ண அது போதாதா?

தேர் ஆடாமல் அசையாமல் கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. பூசாரி கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வந்து உள்ளே குனிந்து பார்த்தார்.

"இன்னாடா இது? தேரு வந்துகீது, சாமியக் காணோம்?"

கல்யாணச் சந்தடியில் தாலி கட்ட மறந்த கதைதான். அம்மன் படத்தை நான் கொண்டுவருவேன் என்று அண்ணன் நினைக்க, அவன் கொண்டுவருவான் என்று நான் நினைக்க, படம் வீட்டுச் சுவரில் நிம்மதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கற்பூரம் அணஞ்சிடப் போவுது. இந்தப் பொண்ணத் தூக்கி உள்ள வைங்கடா" என்று பூசாரி தங்கையைக் காட்டினார்.

வைத்தோம். யாரோ அவள் கையில் வேப்பிலைக் கொத்தைக் கொடுத்தார்கள். அவளும் பிறந்ததிலிருந்தே அம்மன் வேலை பார்த்தவளாட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பம்பை முழங்கியது. சிரித்த கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அண்ணன் துள்ளிக் குதித்தான். அன்றைய சந்தோஷம் இன்றைக்கு நினைத்தாலும் எனக்குள் பொங்குகிறது.

அம்மா மட்டும் கூப்பிய கையை இறக்கவே இல்லை. அந்த வருஷம் சித்திரையில்தான் தங்கை அம்மை கண்டு, வேப்பிலைப் படுக்கையில் கண் திறக்காமல் கிடந்திருந்தாள். என்னைப் பெரியப்பா வீட்டில் விட்டிருந்ததால் எனக்கு அது லீவு மாதிரிதான் கழிந்தது. இப்போது அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. நாங்கள் சாமியை மறந்ததற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"அழாதம்மா. அடுத்த வருசம் நெஜ சாமியையே கொண்ணாந்துடறோம்."